தோனியோ, செந்த்-எக்ஸ், அந்த்வான்

1944 ஜூலை மாதக் கடைசியில் கோர்சிகா தீவின் போர்கோ விமானத் தளத்தில் ஒரு சதி உருவாகியிருந்தது. சதிக்காரர்கள், 2/33 என்ற எண்ணுடைய பிரெஞ்சு வேவு விமானப் பிரிவின் அதிகாரிகள். யாருக்கு எதிராக என்றால், தங்களிடமிருந்த விமானிகளிலேயே வயதில் மூத்தவருக்கு எதிராக. தெற்குப் பிரான்சில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கப்போகும் ரகசியத்தை அவர் காதில் போட்டுவிட வேண்டும் என்பது திட்டம். ரகசியம் தெரிந்தவர் எதிரியின் வான்வெளிக்குள் பறக்கக் கூடாது. பிடிபட்டால் வாயைப் பிடுங்கிவிடுவார்கள். சண்டையில்லாமல் அந்த மனிதரைத் தரையில் உட்காரவைக்க வேறு வழி தோன்றவில்லை என்றுதான் பிரிவுத் தலைவர் ரெனே கவ்வாலும் தோழர்களும் பின்னாளில் சொன்னார்கள். மாலையில் சொல்வதாக இருந்தது. ஜூலை 31 காலையிலேயே அவர் கிளம்பிப் போய்விட்டார்.

பகல் இரண்டரை மணிக்கு எரிபொருள் தீர்ந்திருக்கும் என்று தரையில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதற்குமேல் காத்திருப்பதில் பொருளில்லை. அந்த்வான் து செந்த்-எக்சுபெரிக்கு அப்போது வயது 44.

உலகம் அவரை எழுத்தாளராக நினைவு வைத்திருக்கிறது. போர்கோவில் உடனிருந்தவர்களுக்கு அவர் வெறும் 'செந்த்-எக்ஸ்'. பி-38 லைட்னிங் விமானத்துக்கு வைத்திருந்த வயது வரம்பை எப்போதோ தாண்டியவர். 1938இல் குவாத்தமாலாவில் நொறுங்கிய விமானத்திலிருந்து உயிரோடு மீண்டவர். அந்தக் காயங்களால் பறக்கும் உடையை மாட்டிக்கொள்ளவே இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. 1943 ஆகஸ்டில் துனீசியாவில் ஒரு லைட்னிங்கைத் தரையிறக்கும்போது ஓடுதளத்தைத் தாண்டிவிட்டதால், அமெரிக்கர்கள் அவரைப் பல மாதம் பறக்கவிடவில்லை. அமெரிக்க ஜெனரல் ஈக்கர் வரைக்கும் போய் வாதாடி, ஐந்தே பறப்புகளுக்கு என்று அனுமதி வாங்கினார். அந்த ஐந்தையும் தாண்டிப் பறந்துகொண்டிருந்தார்.

இதையெல்லாம் தோழர்கள் மறைக்கவில்லை. கவனம் எங்கோ போய்விடும், சீட்டு வித்தை காட்டினால் அறையே வாய்பிளந்து நிற்கும், சதுரங்கத்தில் தோற்றால் முகம் வாடும் என்று குறையும் கூத்துமாகவே அவரைப் பற்றிப் பேசினார்கள். இரங்கல் கூட்டத்து மொழியில் இல்லாத இந்த நேர்மைதான் அவர்கள் நினைவை நம்பவைக்கிறது. கூடவே பறந்தவன் குறையைச் சொன்னால் அதில் பிரியம் இருக்கும். தூரத்திலிருந்து புகழ்பவருக்கு அது எங்கே வரும்?

சொல்லப்போனால், இறந்த விமானியை எப்படி நினைப்பது என்பதை அந்தத் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். துலூசிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும், பிறகு தென்னமெரிக்காவுக்கும் தபால் சுமந்த லாத்தெகோயேர் நிறுவனத்தில் அவரோடு இருந்தவர்கள் ழான் மெர்மோஸும் ஆன்ரி கியோமேயும். 1930 ஜூனில் ஆண்டிஸ் மலையில் கியோமேயின் விமானம் பனியில் விழுந்தது. செந்த்-எக்சுபெரி நாள்கணக்கில் மலைமுகடுகளுக்கு மேலே பறந்து தேடினார், கண்ணில் படவில்லை. கியோமே ஐந்து பகலும் நான்கு இரவும் பனியில் நடந்து, தானே மனிதர் இருக்கும் இடம் சேர்ந்தார். அந்த நடையின் கதையையும் சொல்லும் 'தெர் தேஸ் ஓம்' நூல் 1939இல் வந்தபோது, அதை நண்பருக்கே காணிக்கையாக்கினார். மெர்மோஸ் 1936 டிசம்பர் 7 அன்று தென் அட்லாண்டிக்கின் மேல் மறைந்திருந்தார். கியோமேயின் விமானம் 1940 நவம்பர் 27 அன்று மத்தியதரைக் கடலின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டது. பழைய தபால் பாதைக் கூட்டாளிகளில் எழுதத் தெரிந்தவர் இவர். இவர் முறை வந்தபோது எழுத மற்ற இருவரும் இல்லை.

எழுதியவர் விமானியே அல்லாத ஒருவர். லெயோன் வெர்த், 1878இல் பிறந்தவர், செந்த்-எக்சுபெரியைவிட 22 வயது மூத்தவர், யூதர், போரை வெறுத்த எழுத்தாளர். நாஜிகள் பிரான்சைப் பிடித்திருந்த காலத்தில் ழூரா பகுதியின் செந்த்-அமூர் என்ற சிற்றூரில் ஒதுங்கி வாழ்ந்தார். 'குட்டி இளவரசன்' காணிக்கை செய்யப்பட்டிருப்பது இவருக்குத்தான். 1981இல் க்ரியா வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்தவர்களுக்கு, ஒரு பெரியவருக்குக் காணிக்கை செய்ததற்காகக் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்கும் அந்தப் பக்கம் நினைவிருக்கும். அது 1943 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளியான நூல். கடலுக்கு இப்புறம் இருந்த வெர்த்தின் கைக்கு வரும்போது எழுதியவர் உயிரோடு இல்லை.

வெர்த் அவரை 'தோனியோ' என்றே அழைத்தார். 1948இல் தன் நினைவுகளை அச்சில் கொடுத்தார். அதற்குள் பிரான்சில் செந்த்-எக்சுபெரியைப் புனிதராக்கும் வேலை தொடங்கிவிட்டது. சிரிப்பும் விவாதமும் மேசையைச் சுற்றிய பேச்சுமாகத் தான் பழகிய ஆளை அந்தப் பீடத்திலிருந்து இறக்கிக் காட்டினார் வெர்த். இந்த விமானியைப் பற்றி நண்பர்கள் எழுதியவற்றில் முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லலாம்.

தாய் மரி வேறு வகை. 1904இல் கணவரை இழந்து ஐந்து குழந்தைகளை வளர்த்தவர். அவர்களில் பிரான்சுவா 1917இல், பதினைந்து வயதில் போய்விட்டான். பன்னிரண்டு வயதில் அம்பேரியே விமானத் திடலில் 'அம்மா சரி என்று சொல்லிவிட்டார்' என்று பொய் சொல்லி முதல்முறை வானேறியவர்தான் இந்த அந்த்வான். போர்கோவிலிருந்து 1944 ஜூலையில் அவர் அம்மாவுக்கு எழுதிய கடைசிக் கடிதம், ஓராண்டு கழித்து 1945 ஜூலையில்தான் வந்து சேர்ந்தது. அந்த அம்மா மகனைப் பற்றி நீளமாக விளக்க முற்படவில்லை. மகன் தனக்கு எழுதிய கடிதங்களை 1955இல் நூலாக வெளிவரச் செய்தார். பணம் கேட்பது, தனிமை, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு என எல்லாம் அதில் உண்டு. 1972 வரை வாழ்ந்தார்.

கல்லறை இல்லாத மரணம் அது. 1967இல் பாரிசின் பாந்தியோனில் பெயர் பொறித்தார்கள். ஆனால் விமானம் விழுந்த இடம் யாருக்கும் தெரியவில்லை. 1998 செப்டம்பர் 7 அன்று மார்செய் அருகே ரியூ தீவுக்குப் பக்கத்தில் ழான்-குளோத் பியாங்கோ என்ற மீனவரின் வலையில் ஒரு வெள்ளிக் கைக்காப்பு சிக்கியது. போலி என்று பலர் அடித்துச் சொன்னார்கள். பியாங்கோ பட்ட பாடு கொஞ்சமல்ல. 2000இல் முக்குளிப்பவர் லுக் வன்ரெல் அதே கடற்பகுதியில் விமானச் சிதைவுகளைக் கண்டார். குடும்பத்தாருக்கு இந்தத் தேடலில் உற்சாகமில்லை. புதிர் புதிராகவே இருக்கட்டும் என்ற எண்ணம் அங்கே இருந்தது. 2003இல் துண்டுகள் மேலே கொண்டுவரப்பட்டன. ஒரு பாகத்தில் பொறித்திருந்த 2734 என்ற உற்பத்தி எண்ணை வைத்து 2004இல் அது அவருடைய விமானம்தான் என்று உறுதியாயிற்று. இன்று லெ பூர்ழே விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹோர்ஸ்ட் ரிப்பர்ட் என்ற முன்னாள் ஜெர்மன் விமானி, தானே சுட்டதாகவும் தான் அவர் நூல்களின் ரசிகன் என்றும் 2008இல் சொன்னார். அந்தக் கூற்றை உறுதி செய்யும் ஆவணம் கிடைக்கவில்லை.

கைக்காப்பில் இருந்த எழுத்துகளைப் பாருங்கள். அவர் பெயர், நியூயார்க் பதிப்பாளரின் முகவரி, நடுவே அடைப்புக்குறிக்குள் 'கொன்சுவேலோ'.

கொன்சுவேலோ சுன்சின் எல் சல்வதோரில் பிறந்தவர், முன்பே ஒரு கணவரை இழந்தவர். 1930இல் புவனோஸ் ஐரெஸில் செந்த்-எக்சுபெரியைச் சந்தித்தார். 1931 ஏப்ரலில் மணம். இருவரும் பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். பிரபுக் குடும்பத்துக்கு அந்த மருமகள் பொருந்தவே இல்லை. கணவரின் நெருங்கிய தோழி நெல்லி து வோகே, பியேர் ஷெவ்ரியே என்ற ஆண் பெயரில் 1949இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் மனைவி ஓரமாகவே நிற்கிறார். பல ஆண்டுகள் பலரும் அந்த வழியிலேயே எழுதினார்கள். வெர்த்தின் தோனியோவும் அம்மாவின் அந்த்வானும் தோழர்களின் செந்த்-எக்ஸும் அச்சேறியபோது, மனைவியின் கணவர் மட்டும் அச்சுக்கு வராமலேயே இருந்தார். ஒரு குடும்பம் தன் பிள்ளையை நினைக்கும்போது யாரை விட்டுவிடுகிறது என்பதும் அந்த நினைவின் பகுதிதான். இங்கே விடுபட்டது சிறிய பகுதி அல்ல.

கொன்சுவேலோ 1979இல் இறந்தார். உடைமைகளைத் தன் செயலாளருக்கு எழுதிவைத்திருந்தார். பெட்டிக்குள் கிடந்த அவருடைய நினைவுக் குறிப்புகள் 2000இல், விமானியின் நூற்றாண்டில், நூலாயின. கணவரின் துரோகங்களும் வரவேற்பறையில் காத்திருந்த இரவுகளும் அதில் இருக்கின்றன. மிகையும் இருக்கிறது, பிரியமும் இருக்கிறது. இருதரப்பு வாரிசுகளும் நீதிமன்றத்தில் நெடுநாள் மோதினார்கள். கடைசியில் உடன்பாடு எட்டி, 2021இல் கணவன் மனைவி இருவரும் எழுதிக்கொண்ட 160க்கும் மேற்பட்ட கடிதங்களையும் தந்திகளையும் கல்லிமார் பதிப்பகம் ஒரே தொகுப்பாக வெளியிட்டது.