கல்வெட்டும் வமிச அட்டவணையும்

திருகோணமலையிலே கல்வெட்டு என்னும் சொல் மூன்று பொருள்களைக் குறித்து வழங்குகிறது. பிரெடரிக் கோட்டையின் வாயிற்கல்லில், கயல்கள் இரண்டு பொறித்த இடத்தினருகே, கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டன் நாமத்தையும் பறங்கியராகிய போர்த்துக்கேயரால் அதற்கு வரவிருந்த அழிவையும் சொல்லி நிற்கும் சாசனம் ஒன்று. கவிராசவரோதயர் இயற்றியதாக வழங்கும், பாட்டும் உரைநடையுமாக அமைந்த, கோணேசர் கல்வெட்டு என்னும் ஏட்டு நூல் மற்றொன்று. ஒருவர் காலமான முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் சுற்றத்தார் கையிற் கொடுக்கப்படும் அச்சுப் புத்தகம் மூன்றாவது. இவற்றுள் கல்லில் வெட்டியது முதலாவது மாத்திரமே. ஏனைய இரண்டும் ஓலையையும் தாளையும் சேர்ந்தனவாயிருந்தும் அப்பெயரையே தாங்கிவந்தது எவ்வாறு என ஆராயப் புகுந்தால், எபிரேய வேதத்தை வாசிப்போர் பலர் அலுப்புடன் தாண்டிப்போகும் நீண்ட வமிச அட்டவணைகளின் உட்பொருளும் விளங்கும் என்பது என் துணிபு.

பழைய கோயிற் கல்வெட்டுகள் அரசர் புகழைச் சொல்லித் தொடங்கினும், அவை வெட்டப்பட்ட காரணம் புகழன்று. ஒரு நந்தாவிளக்கு எரிய 90 ஆடோ 96 ஆடோ விடப்பட்டது, அந்த ஆடுகளை ஏற்றவன் இன்னான், அவன் நாள்தோறும் அளக்கவேண்டிய நெய் இவ்வளவு என்பதே அவற்றின் சாரம். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று சாசனங்கள் கூறும். ஆடு இறக்கும், மேய்ப்பவனும் இறப்பான்; ஆனால் அவன் மகனும் மகன் மகனும் அந்த எண்ணிக்கையைக் குறையாமற் காத்து, சந்திராதித்தர் உள்ளவரை நெய் அளப்பர். ஆகவே, ஒரு கடமை தலைமுறை தலைமுறையாய் இறங்கும் வழியை எழுதிவைத்தது எதுவோ, அதுவே கல்வெட்டு என்ற கருத்து வேரூன்றியபின், அது கல்லை விட்டு ஓலைக்கு ஏறியது வியப்பன்று.

கோணேசர் கல்வெட்டை எடுத்துப் பார்ப்போம். திருப்பணி செய்த குளக்கோட்டனை மனுநீதிகண்ட சோழன் மரபில் வந்த வரராமதேவனின் மகன் என்று சொல்லி, அரசனுடைய வமிசத்தை விரைவிலே முடித்துவிடுகிற நூல், அவன் சோழநாட்டிலிருந்து அழைப்பித்துக் குடியேற்றிய தானத்தார், வரிப்பத்தார் என்னும் கோயிற் பணியாளருக்கு வகுத்த கடமைகளை விரித்துரைப்பதிலே தன் முழு ஊக்கத்தையும் செலுத்துகிறது. பூ எடுப்பவர் யார், மாலை கட்டுபவர் யார், நெற்குற்றுபவர் யார், கோயிற் பொருளுக்குக் கணக்குச் சொல்லவேண்டியவர் யார் என்பனவே அங்கு முதன்மையான விஷயங்கள். தானத்தார் என்ற சொல்லும் சோழர் சாசனங்களில் கோயிற் காரியம் பார்ப்பவரைக் குறித்த ஸ்தானத்தார் என்பதன் வழிவந்ததே. தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலில் இப்பரம்பரைப் பணியைத் தொழும்பு என்பர். அச்சொல்லுக்குத் தொண்டு என்றும் பொருளுண்டு, அடிமை என்றும் பொருளுண்டு. மேல் கீழ் என்னும் பேதம் பிறப்போடு பிணைந்து அவ்வேற்பாட்டில் இருந்தது என்பதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

இனி எபிரேயரிடம் வருவோம். தமிழ் வேதாகமம் வம்சவரலாறு என்று சொல்லுவதை அவர்கள் தோலெதோத் என்பர். பெறுதல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. ஆதியாகமத்திலே ஆதாம் முதலானோரின் சந்ததிக்கு வழங்கும் அதே சொல் வானத்துக்கும் பூமிக்கும்கூட வழங்கப்பட்டிருக்கிறது. யாக்கோபின் தோலெதோத் என்று தொடங்குமிடத்தில் பெயர்ப்பட்டியல் வாராது, யோசேப்பின் நெடுங்கதை வருகிறது. இவ்வாறு பிறப்பைச் சுட்டிய சொல் சரித்திரத்தைச் சுட்டலாயிற்று. வமிசம் என்னும் சொல்லும் இத்தீவிலே மகாவம்சம், தீபவம்சம் என அரசவரலாற்று நூல்களுக்குப் பெயராய் அமைந்தது. எனினும் பட்டியல்களின் உயிர்நிலை வேறிடத்தில் இருக்கிறது. எண்ணாகமத்திலே லேவியின் குமாரரான கெர்சோன், கோகாத், மெராரி என்போரின் வழியினரை எண்ணியவுடன், ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளைச் சுமப்பவர் முதல்வர் வழியினர், பெட்டியையும் பரிசுத்த பணிமுட்டுகளையும் சுமப்பவர் இரண்டாமவர் வழியினர், பலகைகளையும் தூண்களையும் சுமப்பவர் மூன்றாமவர் வழியினர் என்று பணி பகுக்கப்படுகிறது. முதலாம் நாளாகமத்தின் தொடக்கத்து ஒன்பது அதிகாரங்களிலும் பெயர்கள் நிரம்பியிருப்பதன் நடுவே பாடகரும் வாயில்காப்போரும் தத்தம் முறையோடு நிற்கின்றனர். கோணேசர் கல்வெட்டோடு பழகிய ஒருவருக்கு இவ்வதிகாரங்கள் அந்நியமாய்த் தோன்றா.

எஸ்றாவின் ஆகமத்திலுள்ள ஒரு செய்தி என் மனத்தை எப்போதும் வருத்துவது. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து மீண்டவர்களுள் அபாயா, கோஸ், பர்சிலாய் என்போரின் வழியினரான ஆசாரியர் தங்கள் வமிச அட்டவணையைத் தேடிக் காணாமையால் ஆசாரிய ஊழியத்தினின்றும் விலக்கப்பட்டனர். அவர்களைச் சனத்தினின்றும் தள்ளிவிடவில்லை. தேவசித்தம் அறிய உதவும் ஊரீம் தும்மீம் உள்ள ஓர் ஆசாரியன் எழும்பும்வரை மகா பரிசுத்தமானதிலே புசிக்கலாகாது என்று மாத்திரம் நிறுத்திவைத்தனர். ஏடு தொலைந்தது, அதனோடு பங்கும் பணியும் தொலைந்தன. இனக்கலவரத்தாலும் போராலும் 1983இலும் 1990இலும் ஊர்விட்டு ஓடி, 2004இல் கடலும் பொங்கி வந்தபின், பிறப்புப் பத்திரமும் காணி உறுதியும் இழந்து நின்ற திருகோணமலை மாவட்டத்தாருக்கு அந்த ஆசாரியரின் நிலையை விளக்கவேண்டுவதில்லை.

இனி மூன்றாவது கல்வெட்டுக்கு வருவோம். அந்தியேஷ்டி என்னும் வடசொல்லே அந்தியேட்டி ஆயிற்று. இறுதி வேள்வி என்பது பொருள். இராவணன் தன் தாயின் உத்தரக்கிரியையைச் செய்த இடமென்று ஐதிகம் கூறும் கன்னியா வெந்நீரூற்றுகளிலே இன்றும் அக்கிரியையைச் செய்வர். அன்று கொடுக்கப்படும் கல்வெட்டில் ஊர்ச்சிறப்பு, மரபு, மணம், மக்கள், மருமக்கள் என வரிசைப்பட வந்து, திதி வெண்பாவிலே ஆண்டும் மாதமும் பக்கமும் திதியும் பொறிக்கப்படும். திதி எதற்கு? ஆண்டுதோறும் சிராத்தம் செய்வதற்கு. மரபு எதற்கு? தர்ப்பணத்தின்போது தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையாரைப் பெயர்சொல்லி நீர்வார்ப்பதற்கு. ஆகவே இம்மூன்றாவது கல்வெட்டும் விளக்குக்கு நெய்யளக்கச் சொன்ன முதற் சாசனங்களின் நேர்வழித் தோன்றலே. பின்னாள் நினைவு மலர்களில் நிழற்படங்களும் இரங்கற் பாக்களும் பெருகி, மரபு ஒரு பக்கத்துள் ஒடுங்கிவிட்டதைக் கேடென்றே கொள்கிறேன்.

பெண்மக்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எபிரேய அட்டவணைகள் பெரும்பாலும் தந்தைவழியே ஓடுவன. ஆயினும் மேற்சொன்ன பர்சிலாய் வழியினர், அக்குடும்பத்துப் பெண்ணை மணந்த ஓர் ஆசாரியன் அவள் வீட்டுப் பெயரைப் பூண்டதனால் அப்பெயர் பெற்றவர். இயேசுவின் வம்சவரலாற்றிலே தாமார், ராகாப், ரூத் ஆகியோரை மத்தேயு விடாது குறித்தார். வெருகலாற்றுக்குத் தெற்கே மட்டக்களப்பு நாட்டிலோ குடி என்னும் குலப்பிரிவே தாய்வழிப்பட்டது.

ஆதலால், அந்தியேட்டிக்கு ஏற்பாடு செய்வோரை வேண்டிக்கொள்கிறேன்: கல்வெட்டிலே இறந்தவரின் பாட்டிமார் பெயரையும் அவர்கள் பிறந்த ஊரையும் விடாது எழுதுங்கள், அச்சிட்டவற்றுள் ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்திலும் கொடுத்துவையுங்கள்.