புறொவிடென்ஸ் நகரத்துச் சபைக் கூடம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகீழ்க் கரையிலே, றோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகராகிய புறொவிடென்சில், குன்றின் அடிச்சரிவில் வெண்ணிறக் கட்டடம் ஒன்று நிற்கின்றது. முழுவதும் மரத்தாலாயது. அதன் கோபுரம் 185 அடி உயரமுடையது. அமெரிக்காவிலே தோன்றிய முதற் பப்திஸ்த சபையின் வழிபாட்டிடம் இதுவே. கட்டடம் 1775 இல் எழுந்தது. சபையோ அதற்கு 137 ஆண்டுகள் முற்பட்டது. கோபுரத்தை வெறுத்த ஒரு கூட்டத்தார் கோபுரம் எடுப்பித்தது எவ்வாறு என்பது ஆராயத்தக்கது.

சபையின் தோற்றம் றோஜர் வில்லியம்ஸ் என்பாரோடு தொடர்புடையது. 1631 இல் இங்கிலாந்திலிருந்து பொஸ்ரன் வந்து சேர்ந்த இக்குரு, மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தின் தலைவர்களுக்கு உவப்பில்லாத இரு கொள்கைகளைப் போதித்தார். மாந்தரின் மனச்சாட்சிமீது அரசுக்கு அதிகாரமில்லை என்பது ஒன்று. பழங்குடி மக்களின் நிலத்தை அவர்களிடம் பெறாது, இங்கிலாந்து மன்னன் தன் சாசனத்தால் வழங்குதல் நீதியன்று என்பது மற்றது. தம் மதக்கோட்பாட்டிற்காக இங்கிலாந்தில் ஒறுக்கப்பட்டுக் கடல் கடந்தவர்களே அக்குடியேற்றத்தார். எனினும் 1635 இல் அவர்கள் வில்லியம்சை நாடு கடத்தத் தீர்ப்பளித்தனர். கடுங்குளிரில் வெளியேறிய அவருக்கு நறகான்செற் குலத் தலைவர்களாகிய கனோனிக்கசும் மியான்ரொனோமியும் இடமளித்தனர். அவ்விடத்திலே 1636 இல் அவர் நிறுவிய ஊரே புறொவிடென்ஸ். இறைவனின் காப்பு என்னும் பொருளது அப்பெயர்.

அறிவறிந்த பருவத்தில் தாமே விரும்பி ஏற்பதே ஞானஸ்நானம், குழந்தைகளுக்குச் செய்வது அன்று என்னும் கொள்கையுடையோர் 1638 இல் அவரைத் தலைவராகக் கொண்டு சபையாகக் கூடினர். சில மாதங்களுள் வில்லியம்ஸ் அச்சபையை விட்டும் நீங்கினார். அப்போஸ்தலரின் அதிகாரம் பெற்ற சபை உலகில் எங்கேனும் உண்டோ என்ற ஐயம் அவரை விடவில்லை. நிறுவியவரே தங்காத சபை நிலைத்து நின்றது வியப்பே.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அச்சபைக்குக் கூரையில்லை. வீடுகளிலும், வேனிற் காலத்தில் வெளியிடங்களிலும் கூடினர். வறுமை ஒரு காரணம். கொள்கை மற்றொரு காரணம். திருச்சபை என்பது மக்கள் கூட்டமேயன்றிக் கல்லும் மரமும் அன்று என்பது அவர்கள் துணிபு. ஆதலால் 1700 இல் பார்டன் ரில்லிங்காஸ்ற் என்னும் மூப்பர் தம் பொருள் கொண்டு சிறு மனையொன்று கட்டியபோதும், 1726 இல் அதனினும் பெரியதொன்று எழுந்தபோதும், அவற்றைக் கோயில் என்னாது கூட்டமனை என்றே அழைத்தனர்.

மாற்றம் கல்லூரியோடு வந்தது. 1764 இல் பட்டயம் பெற்ற றோட் ஐலண்ட் கல்லூரி (இன்றைய பிறவுண் பல்கலைக்கழகம்) 1770 இல் புறொவிடென்சுக்கு இடம் பெயர்ந்தது. பப்திஸ்தர் முன்னின்று நிறுவினராயினும், மாணவரைச் சேர்ப்பதற்குச் சமயச் சோதனை எதுவும் கூடாதெனப் பட்டயத்திலேயே விதித்தனர். அதன் தலைவர் ஜேம்ஸ் மானிங் சபையின் போதகருமானார். கூட்டமும் பெருகிற்று. இறைவழிபாட்டிற்கும் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவிற்கும் ஒருங்கே உதவுதல் வேண்டுமெனத் தீர்மானித்துப் புதுக்கூடம் எடுக்கத் துணிந்தனர். செலவின் ஒரு பகுதி சட்டசபையின் இசைவுடன் நடத்திய அதிட்டச் சீட்டினால் வந்தது. அந்நாளில் அது இழுக்காகக் கருதப்படவில்லை.

காலமும் எதிர்பாராவகையில் உதவிற்று. பொஸ்ரன் தேயிலைக் கலகத்திற்குத் தண்டனையாகப் பிரித்தானிய அரசு 1774 இல் அத்துறைமுகத்தை மூடிற்று. கப்பற்றச்சர் பலர் தொழிலிழந்தனர். அவர்களுட் பலர் புறொவிடென்சுக்கு வந்து இவ்வேலையில் அமர்ந்தனர். கட்டடத்தை வரைந்தவர் ஜோசப் பிறவுண். தொழிலால் வணிகர், விருப்பத்தால் வானியலாளர், 1769 இல் வெள்ளி ஞாயிற்றைக் கடந்த காட்சியைத் தம் தொலைநோக்கியால் ஆராய்ந்தவர். கட்டடக் கலையை அவர் முறையாகப் பயின்றவரல்லர், நூல்களினின்றும் கற்றவர். அவற்றுள் தலையாயது ஜேம்ஸ் கிப்ஸ் 1728 இல் வெளியிட்ட கட்டடக்கலை நூல். இலண்டனிலுள்ள புனித மாட்டின் ஆலயத்திற்காகக் கிப்ஸ் வரைந்து, பயன்படாது விட்ட கோபுரங்களும் அந்நூலில் இடம்பெற்றிருந்தன. அவற்றுள் ஒன்றைப் பிறவுண் தேர்ந்துகொண்டார். கத்தோலிக்கராய் வளர்ந்த ஒருவர் ஆங்கிலிக்க ஆலயத்திற்கு வரைந்த கோபுரம், அவ்விரு சபைகளின் ஆடம்பரத்தையும் மறுத்தெழுந்த பப்திஸ்தரின் கூரைமேல் ஏறியமை வரலாற்றின் விளையாட்டுக்களில் ஒன்று.

கிப்ஸ் கல்லுக்கு வரைந்தார். தச்சர் மரத்திற் செய்தனர். கோபுரத்தின் அடுக்குக்கள் ஒவ்வொன்றும் அடிக்கோபுரத்தின் உள்ளே கட்டப்பட்டு, தொலைநோக்கியின் குழாய்கள் ஒன்றனுள் ஒன்றாய் நீள்வதுபோல, ஒன்றனூடாக ஒன்று மேலே உயர்த்தப்பட்டன. பாய்மரம் நிறுத்திப் பழகிய கைகளுக்கு அது அரிதாகவில்லை. 1775 ஜூன் மாதத்தில் மூன்றரை நாளில் கோபுரம் நின்றது. 1815 இன் பெரும்புயலில் நகரத்துத் துறைமுகமே சிதைந்தபோதும் அது வீழவில்லை. அலையில் அசைந்துகொடுக்கும் கப்பலின் இணைப்புமுறை அதற்குத் துணைசெய்தது எனலாம்.

கோபுரத்தை நீக்கி நோக்கினால் எஞ்சுவது பழைய கூட்டமனையே. பக்கமொன்று 80 அடியான சதுரம். ஏறக்குறைய 1,200 பேர் இருக்கத்தக்கது. அப்போது ஊரின் மக்கள்தொகையே 4,300 அளவினது. உள்ளே சிலையில்லை, பலிபீடமில்லை, வண்ணக் கண்ணாடியும் ஆதியில் இல்லை. தெளிந்த கண்ணாடிச் சாளரங்களூடாக ஒளி தடையின்றி நிறைகின்றது. வரித்தூண்கள் மேன்மாடங்களைத் தாங்க, உயர்ந்த பிரசங்க மேடையே கண்ணைக் கவர்கின்றது. ஓதும் சொல்லே இங்கு மூலத்தானம்.

மேன்மாடங்களைப்பற்றி ஒன்று கூறாது விடுதல் தகாது. அவற்றுள் உயர்ந்த பகுதியொன்று அடிமைகளுக்கும், விடுதலை பெற்ற கறுப்பு இனத்தவர்க்கும், பழங்குடியினர்க்கும் என ஒதுக்கப்பட்டிருந்தது. மனச்சாட்சியின் சுதந்திரத்திற்கெனப் பிறந்த ஊரில், அவ்வூருக்கு நிலமளித்தவரின் வழியினர்க்குக் கிடைத்த ஆசனம் அது. 1652 இலேயே பத்தாண்டுக்கு மேல் எவரையும் அடிமையாய் வைத்தலாகாதெனப் புறொவிடென்சில் சட்டம் இயற்றப்பட்டிருந்தது, கைக்கொள்வார் இல்லை. ஜோசப் பிறவுணும் அவருடைய சகோதரர் மூவரும் 1764 இல் ஆபிரிக்காவுக்கு அனுப்பிய ‘சாலி’ என்னும் கப்பல் 196 பேரை அடிமைகளாகக் கொண்டது. அவருள் 109 பேரேனும் மாண்டனர். சகோதரருள் இளையவராகிய மோசஸ் பின்னர் தம் அடிமைகளை விடுவித்து அவ்வணிகத்தை எதிர்த்தார். மற்றொருவராகிய ஜோன் அதனை இறுதிவரை ஆதரித்தார். ஒரே குடும்பத்தின் செல்வமே கல்லூரியையும் கூடத்தையும் வளர்த்தது. பிறவுண் பல்கலைக்கழகம் தன் அடிமை வணிகத் தொடர்பினை முறையாக ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது 2006 இலேயே.

ஈழத்து வாசகர்க்கு இக்கூடம் முற்றும் அயலானதன்று. கல்லூரியில் 1807 இல் முதன்மையாகத் தேறிய அதோனிராம் ஜட்சன், 1812 இல் சாமுவேல் நியுவெல் என்பாரோடு ஒரே கப்பலிற் கல்கத்தா வந்தார். அவ்விருவரையும் அனுப்பியது மசச்சூசெற்ஸ் சபையாரின் சங்கம். வில்லியம்சை நாடு கடத்தியோரின் வழித்தோன்றல்களே அச்சபையார். கல்கத்தாவில் ஜட்சன் பப்திஸ்தராகிப் பர்மா சென்றார். நியுவெல் 1813 இல் இலங்கை வந்து யாழ்ப்பாணத்தையும் கண்டார். அவர் அனுப்பிய செய்தியின் பயனாக 1816 இல் அமெரிக்க மிஷன் இங்கு வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரி அதன் விளைவு.

1792 இல் ஹோப் பிறவுண் என்னும் பெண்மணி தம் தந்தை நிக்கலசின் நினைவாக அளித்த பளிங்குச் சரவிளக்கு இன்றும் கூடத்தின் நடுவே தொங்குகின்றது. அந்நிக்கலசும் ‘சாலி’க் கப்பலின் பங்காளியே. 1957-58 இல், அக்கல்லூரியின் பழைய மாணவராகிய இரண்டாம் ஜோன் றொக்பெல்லரின் பொருளுதவியால், கட்டடம் பழைய வடிவுக்கு மீட்கப்பட்டது. 1960 இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் மே மாத இறுதியில் பட்டம் பெறும் மாணவர் குன்றிலிருந்து அணிவகுத்து இறங்கி இக்கூடத்தினுட் புகுகின்றனர்.