கடலூரில் மறைந்த துப்பாக்கிக் கணக்கு வாத்தியார்

துப்பாக்கியில் மருந்து கூடுதலா போட்டா குண்டு வேகமா போகும். சரி. குறி தப்பாம போகுமா?

அமெரிக்காவில் தோட்டாவை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளும் ரைபிள் ஆசாமிகளுக்கு இன்னிக்கும் இதுதான் தீராத வழக்கு. சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டை எடுத்து, மருந்தை கிரெயின் கணக்கில் நிறுத்துப் போடுவாங்க (ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம்). கொஞ்சம் ஏத்தினா வேகம் கிடைக்கும், குறி சிதறும். கொஞ்சம் இறக்கினா எல்லாக் குண்டும் பக்கம் பக்கமா விழும், ஆனா வேகம் போயிடும். (நம்ம நாட்டில் லைசென்ஸ் இல்லாம இதைச் செய்தா 1959 ஆயுதச் சட்டப்படி உள்ளே போகணும். ஆசைப்படாதீங்க :-))

இந்த வழக்குக்கு முதன்முதலா அளந்து பார்த்துத் தீர்ப்பு சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். லண்டனில் கணக்கு வாத்தியார். போரே கூடாது என்று சொல்லும் குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை பீரங்கி ஆராய்ச்சிக்கு வந்தது தனிக்கதை.

அவருக்கு முன்னாடி குண்டின் வேகத்தை நேரடியா அளக்க நல்ல வழியே இல்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளக்கிறது? ராபின்ஸ் ஒரு கனமான மரப்பலகையை ஊசல் மாதிரி தொங்கவிட்டு அதில் சுட்டார். பலகை எவ்வளவு தூரம் பின்னால் ஆடுதோ, அதிலிருந்து கணக்குப் போட்டு வேகத்தை எடுத்தார். பிசிக்ஸ் புத்தகத்தில் 'பாலிஸ்டிக் பெண்டுலம்' என்று வந்து நம்ம மார்க்கைத் தின்னுச்சே, அதேதாங்க! 1742-ல் இதைப் புத்தகமா போட்டார். 1745-ல் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து விளக்கமும் எழுதினவர் யார் தெரியுமா? ஆய்லர்!

அளந்ததும் தெரிஞ்ச முதல் அதிர்ச்சி, காற்று. விநாடிக்கு 1,600 அடிக்கு மேல் போகும் முக்கால் அங்குல ஈயக்குண்டைக் காற்று எவ்வளவு பலமா தடுக்குதுன்னா, குண்டோட எடையைப் போல் சுமார் 120 மடங்கு. ஒலியின் வேகத்தை ஒட்டி இந்தத் தடை சட்டென்று மாறுவதையும் கவனிச்சுட்டார். அப்ப மருந்தை அள்ளிக் கொட்டி வாங்கின வேகத்தில் பெரும்பகுதியைக் காற்று வழியிலேயே பிடுங்கிக்கும். அதனால் அவர் சொன்ன முடிவு இது: வேலை முடிய எவ்வளவு குறைஞ்ச மருந்து போதுமோ, அதுதான் சரியான அளவு.

அடுத்தது குறி. ஒரு துப்பாக்கிக் குழலின் நுனியை இடப்பக்கம் வளைச்சுச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், அப்புறம் வலப்பக்கமா திரும்பிச்சு! குழலின் சுவரில் உரசி உருண்டதால் வந்த சுழற்சி. ஸ்பின் பந்து காற்றிலேயே விலகுவது மாதிரி. சாதாரணக் குழலில் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு விதமா சுழலும், அதனால் குறி சிதறும். குழலுக்குள் மரை வெட்டி, போகும் திசையையே அச்சா வைத்துச் சுழலவிட்டா சிதறல் குறையும். இதுதான் ரைபிள். ரைபிளை முழுசா புரிஞ்சுக்கிற நாட்டுக்குத்தான் போரில் மேல்கை என்று 1747-லேயே ராயல் சொசைட்டியில் சொல்லிட்டார்.

அது நூறு வருஷம் கழிச்சுப் பலித்தது. மரையில் குண்டு இறுக்கமா உட்காரணும், இறுக்கமா இருந்தா வழுக்க கொழுப்பு தடவணும். 1857-ல் என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்பு என்ன பண்ணிச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

எங்க சேலம், நாமக்கல் பக்கம் 1792 வரைக்கும் ஹைதர், திப்பு ஆட்சி. அவங்க ராக்கெட் இந்த வழக்கில் எதிர்க்கட்சி. இரும்புக் குழாயில் மருந்தைத் திணிச்சா ரொம்ப தூரம் போகும், எங்கே விழும்னு சொல்ல முடியாது. அதனால் ஒண்ணு ரெண்டு இல்லாம கூட்டமா விட்டாங்க. 1780-ல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கம்பெனிப் படையின் மருந்து வண்டிகள் ராக்கெட் பட்டுத்தான் வெடிச்சதுன்னு சொல்வாங்க. குறி வேணுமா, வீச்சு வேணுமாங்கிறது யாரை எதுக்கு அடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது போல.

ராபின்ஸ் இதைப் பார்க்க இல்லை. 1746-ல் சென்னையை பிரெஞ்சுக்காரங்க பிடிச்சதும் கம்பெனி ஆடிப்போய், கோட்டைகளைப் பலப்படுத்த இவரைத் தலைமைப் பொறியாளரா அனுப்பிச்சது. 1750-ல் கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1751 ஜூலை 29-ல் காய்ச்சலில் அங்கேயே செத்துப்போனார். வயசு 44.

இன்னிக்கு ரைபிள்காரங்க குண்டின் வேகத்தை அளக்க வைக்கிற குரோனோகிராஃப் அந்த மரப்பலகையோட பேரன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச நமக்கு அந்த ஊசலின் ஃபார்முலா தெரியும். அதைச் செஞ்ச மனுசன் சேலத்திலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில் செத்தார்னு ஒரு வாத்தியாரும் சொல்லலை. சில்வர் பீச் பக்கம் போறவங்க, சுண்டல் வாங்கிட்டு அப்படியே அந்த இடிஞ்ச கோட்டையையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.