கொழுப்புக் குமிழியும் கருங்காய்ச்சலும்: ஒரு நானோ மருந்தின் இந்திய வரலாறு

முன்னுரை

மருந்தின் வரலாறு பெரும்பாலும் நோய் தீர்க்கும் பொருளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. அப்பொருளைச் சுமந்து செல்லும் கலம் கவனம் பெறுவதில்லை. ஆம்போடெரிசின்-பி என்னும் மருந்து, நானோ அளவிலான கொழுப்புக் குமிழியில் (லிப்போசோம்) ஏற்றப்பட்டபின் இந்தியாவில் அடைந்த பயன்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

மருந்தும் கலமும்

வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப்பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து 1950களில் ஆம்போடெரிசின்-பி பெறப்பட்டது. பூஞ்சைகளையும், கருங்காய்ச்சலை (காலா அசார்) உண்டாக்கும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியையும் அது அழிக்கும். எனினும் நோயாளியின் சிறுநீரகத்தையும் அது தாக்கியது.

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாப்ரகாமில் ஆய்வு செய்த அலெக் பாங்கம், பாஸ்போலிப்பிடுகள் நீரில் தாமே குமிழிகளாக அமைவதைக் கண்டறிந்தார். உயிரணுச் சவ்வின் இயல்பை அறிவதே அவர் நோக்கம். 1970களின் தொடக்கத்தில் கிரிகரி கிரிகோரியாடிஸ் முதலியோர் இக்குமிழிகளை மருந்தேந்திகளாக ஆராய்ந்தனர். ஆயின், உடலுள் செலுத்தப்பட்ட குமிழிகளைக் கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றின் விழுங்கணுக்கள் விரைந்து விழுங்கின. பிற உறுப்புகளைச் சேர வேண்டிய மருந்துகளுக்கு இது பெருந்தடை. கருங்காய்ச்சலுக்கோ அதுவே வழியாயிற்று. லீஷ்மேனியா தங்கிப் பெருகும் இடமே அவ்விழுங்கணுக்கள்தாம். நூறு நானோமீட்டருக்கும் குறைந்த குமிழியின் சுவரில் பொருந்திய மருந்து, நச்சுத்தன்மை குறைந்து, நோயின் இருப்பிடத்தையே சென்றடைந்தது.

இந்தியச் சூழல்

கொல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்ட யூரியா ஸ்டிபமைன் 1920களில் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. பிற்காலத்தில் வட பீகாரில் ஆன்டிமனி மருந்துகளுக்கு ஒட்டுண்ணி பணியாதாயிற்று. மாற்றாக அமைந்த பழைய ஆம்போடெரிசின் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஒரு மாத மருத்துவமனை வாசம் வேண்டும். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அது ஒரு மாத வருவாய் இழப்பு.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் முன்னர்ப் பணியாற்றிய உயிர்வேதியியலார் பிமல் குமார் பச்சாவத், பின்னாளில் டெல்லிப் பல்கலைக்கழகத் தென்வளாகத்தில் இம்மருந்தின் குமிழி வடிவம் குறித்து ஆராய்ந்தார். பீகாரில் சியாம் சுந்தர் குழுவினர் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே முறை செலுத்திய குமிழி மருந்து ஆறாம் மாத முடிவில் 95.7 விழுக்காட்டினரைக் குணப்படுத்தியிருந்தது. 15 முறை செலுத்திய பழைய மருந்தின் அளவு 96.3 விழுக்காடு. 2014இல் ஒருமுறைச் சிகிச்சை தேசியத் திட்டத்தில் இடம்பெற்றது. விலை மிகுந்த இம்மருந்து உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழி நன்கொடையாகக் கிடைத்தமையாலேயே ஏழை நோயாளிகளை எட்டியது.

முடிவுரை

2021இல் கோவிட் பரவலைத் தொடர்ந்து கரும்பூஞ்சை நோய் பெருகியபோது இதே மருந்துக்கு நாடெங்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. அவ்வாண்டு ஜூனில் அதன் மீதான சரக்கு, சேவை வரி விலக்கப்பட்டது. நுண்கலம் மருந்தை நோயுற்ற அணுவரை கொண்டுசெல்லும். நோயாளியின் ஊர்வரை கொண்டுசெல்வது விலையும் உற்பத்தியும் அரசின் கொள்கையுமே என்பதை இவ்வரலாறு புலப்படுத்துகிறது.