முதுகு, இதயம், நுரையீரல்: பினாங்கில் மின்கருவிகளின் கதை

மலாயாவில் மின்சாரத்தை முதலில் வேலைக்கு அமர்த்தியவர்களில் ஒருவர் தமிழர். 1894இல் ரவாங்கில் லோக் இயூவும் தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்காக ஒரு மின்னாக்கியை நிறுவினார்கள். இந்த நாட்டில் மின்சாரம் பயன்பட்டதற்கான முதல் பதிவாக அதைத்தான் சொல்கிறார்கள். நம் மேடைகளில் இந்தத் தகவல் அடிக்கடி வரும், கைத்தட்டலும் வாங்கும். தம்புசாமியின் பெயரில் கோலாலம்பூரில் ஒரு சாலையே இருக்கிறது. ஆனால் அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் பெயரில் எந்தச் சந்தும் இல்லை.

எனக்கு அவன் பக்கம் நின்று இந்தக் கதையைப் பார்க்க வேண்டும். அதற்கு ரவாங்கைவிட நான் வாழும் பினாங்கு வசதியான இடம். கைக்கருவியின் மூன்று காலங்களும் இந்தச் சின்னத் தீவிலும் எதிர்க்கரையிலும் கண்ணெதிரே கிடக்கின்றன. கருவியை இயக்கும் சக்தி மாறும்போதெல்லாம் ஆபத்து ஒழிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது உடலுக்குள் இடம் மாறுகிறது. முதலில் முதுகில் இருந்தது. பிறகு இதயத்துக்கு வந்தது. இப்போது நுரையீரலில் இருக்கிறது.

முதல் காலத்தில் சக்தி என்பது மனித உடல்தான். 1790களிலிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து கைதிகளைப் பினாங்குக்கு நாடு கடத்திக்கொண்டு வந்தது. காடு வெட்டியதும் சாலை போட்டதும் அவர்கள். 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் கைதிகளின் உழைப்பில் எழுந்ததுதான். வெள்ளைத் தூண்களோடு நிற்கும் அந்தக் கட்டடத்தைப் படம் பிடிக்காத சுற்றுலாப் பயணி இல்லை. அக்காலத் தச்சனிடம் இருந்த துளைக் கருவி துறப்பணம். ஒருவன் கயிற்றை இழுத்து இழுத்துச் சுழற்றுவான், இன்னொருவன் மேலிருந்து அழுத்திப் பிடிப்பான். ஒரு துளைக்கு இரண்டு பேரின் தோள்பட்டை.

எதிர்க்கரையில், செபராங் பிறையில், 1840களிலிருந்து கரும்புத் தோட்டங்கள் பெருகின. பத்து காவானிலும் நிபோங் திபால் பக்கத்திலும் கரும்பு வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்கள். கையில் ஒரு கத்தி. அதற்குச் சக்தி தருவது அவர்கள் குனிந்த முதுகு. இந்தியர்களுக்கான அந்த ஒப்பந்தமுறை 1910இல்தான் முடிவுக்கு வந்தது.

கரும்புக் கத்திக்கும் மின்கருவிக்கும் ஒரு வினோதமான உறவு உண்டு. அமெரிக்காவில் எட்மண்ட் மிஷல் என்பவர், கரும்புத் தொழிலாளர்கள் கத்தியால் வெட்டிக் களைப்பதைப் பார்த்து, அந்தக் கத்தியில் ஒரு மோட்டாரைப் பொருத்திப் பார்த்ததாகச் சொல்வார்கள். அந்த முயற்சி வளர்ந்துதான் 1920களில் கையில் பிடித்து மரம் அறுக்கும் வட்டரம்பமாக ஆனது. கரும்புக் காட்டின் முதுகுவலியிலிருந்து பிறந்த கருவி கரும்புக் காட்டுக்குப் போகவில்லை. கட்டுமானத்துக்குப் போய்விட்டது. கூலி மலிவாகக் கிடைக்கும் இடத்தில் முதுகைக் காப்பாற்ற யார் பணம் செலவழிப்பார்கள்?

ஜார்ஜ்டவுனுக்கு மின்சாரம் 1904இல் வந்தது. சுங்கை பினாங்கில் நகராண்மைக்குச் சொந்தமான மின்நிலையம் இருந்தது. சில ஆண்டுகளிலேயே மின்சார டிராம் ஓடியது. 1923இல் கொடிமலைக்கு மின்சார ரயில் ஏறியது. அதற்குமுன் வசதி படைத்தவர்கள் டோலியில் உட்கார, மனிதர்கள் அவர்களைத் தூக்கிக்கொண்டு மலையேறிய பாதை அது. மின்சாரம் முதுகை நிமிர்த்தியது என்று சொல்ல இதைவிடத் தெளிவான காட்சி வேண்டியதில்லை.

இதே காலத்தில் உலகின் வேறு மூலைகளில் மோட்டார் சிறிதாகிக் கைக்குள் வந்துகொண்டிருந்தது. 1889இல் மெல்பர்னில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னட்டும் வில்லியம் பிளான்ச் பிரெய்னும் மின்துளைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். அது பாறை துளைக்கவும் நிலக்கரி தோண்டவும் உருவான கனத்த இயந்திரம். 1895இல் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் நிறுவனம் செய்ததுதான் கையில் தூக்கக்கூடிய முதல் டிரில். எடை ஏழரைக் கிலோ. நெஞ்சில் முட்டுக்கொடுத்து அழுத்த வேண்டும். 1917இல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனிக்குக் கிடைத்த காப்புரிமை எல்லாவற்றையும் மாற்றியது. துப்பாக்கி போன்ற பிடி, விரலுக்கு ஒரு விசை. இன்றைய டிரில் எல்லாம் அதன் பிள்ளைகள்தான்.

அந்த விசையைச் சௌகரியமாக மட்டும் நான் பார்ப்பதில்லை. விரலை எடுத்தால் கருவி நிற்கும். அதாவது, வேலை செய்பவனின் சம்மதம் தொடர்ந்து இருந்தால்தான் கருவி ஓடும். விசையைக் கம்பியால் கட்டியோ டேப் ஒட்டியோ 'ஓடிக்கிட்டே இருக்கட்டும்' என்று விடும் வழக்கத்தைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். நூறாண்டுக்கு முன்பு தொழிலாளியின் விரலுக்குக் கிடைத்த அந்த அதிகாரத்தை அப்போது அவனே திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

மின்சாரக் கருவி முதுகைக் காத்தது உண்மை. ஆனால் முதல் தலைமுறைக் கருவிகளின் உடல் இரும்பிலும் அலுமினியத்திலும் ஆனது. உள்ளே ஒரு கம்பி தேய்ந்து உடலைத் தொட்டால், கருவியைப் பிடித்திருப்பவனே மின்சாரம் தரைக்கு இறங்கும் பாதையாகிவிடுவான். நம் நாட்டின் அழுத்தம் நெடுங்காலம் 240 வோல்ட், இப்போது 230. வியர்வையில் ஊறிய கை, ஈரச் சிமெண்ட் தரை, செருப்பில்லாத கால். மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் பினாங்கில் இது அன்றாட நிலை.

என் சித்தப்பா உரிமம் வாங்கிய வயர்மேன். சூலியா ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட் பக்கத்துப் பழைய கடைவீடுகளில் வயரிங் மாற்றுவதுதான் அவர் தொழில். அந்த வீடுகளில் பலவற்றில் எர்த் கம்பியே இருக்காது என்பார். இருக்கும் வீட்டிலும் இன்னொரு கூத்து நடக்கும். இரண்டு முனைப் பிளக்கை மூன்று துளை சாக்கெட்டில் சொருக, மேல் துளையில் பேனாவையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டு மூடியைத் திறந்துவிடுவார்கள். மலேசியாவில் இதைச் செய்யாத வீடு குறைவு. 'அந்த மூடியை வெள்ளக்காரன் சும்மாவாடா வச்சான்?' என்று சித்தப்பா சத்தம் போடுவார். அப்படிச் சொருகும்போது, நம் பிளக்கில் இருக்கும் ஃபியூசின் காவலையும் சேர்த்தே இழக்கிறோம்.

ஃபியூஸ் இருந்தால் மட்டும் உயிர் தப்பிவிடுமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 700 வாட் டிரில் ஒன்று சுமார் 3 ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். பிளக் ஃபியூஸ் 13 ஆம்பியர்வரை தாங்கும். மனிதனின் இதயத் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லியாம்பியர் போதும். அது அந்த டிரில் எடுப்பதில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஃபியூசின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அது காப்பது வயரைத்தான், ஆளை அல்ல.

ஆளைக் காக்க இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று இரட்டைக் காப்பு. கருவியின் உடலை பிளாஸ்டிக்கால் செய்து, உள்ளேயும் ஒரு காப்பு வைப்பது. கருவியின் மேல் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு குறி இருக்கிறதே, அதற்கு இதுதான் பொருள். இன்னொன்று, நாம் வீட்டில் ஆர்.சி.டி. என்று சொல்லும் கசிவுத் துண்டிப்பான். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தால், 'யார் உடம்பு வழியாகவோ போகிறது' என்று முடிவுகட்டி, கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பை வெட்டிவிடும்.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகளில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கையில் பிடிக்கும் கருவிகள் பயன்படக்கூடிய இடங்களில் 30 மில்லியாம்பியருக்கு மேற்படாத துண்டிப்பான் வேண்டும் என்றும், தரை ஈரமாகக்கூடிய இடங்களில் அது 10 மில்லியாம்பியராக இருக்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. மின்சாரம் பாயும் பொருளைப் பிடித்திருக்கும் ஒரு கையைச் சட்டம் கண்ணால் பார்த்துவிட்டது. ஜார்ஜ்டவுனுக்கு மின்சாரம் வந்து 90 ஆண்டுகளுக்குப் பிறகு.

இதற்கிடையில் பினாங்கு கருவியைப் பயன்படுத்தும் ஊராக மட்டும் இல்லாமல், கருவியைச் செய்யும் ஊராகவும் மாறியது. 1969இல் சுதந்திரத் துறைமுகத் தகுதி போனது. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகியது. 1972இல் பாயான் லெப்பாசில் தாராள வணிக வளாகம் திறந்தபோது முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் ஜெர்மனியின் போஷ் ஒன்று. பின்னாளில் அதன் மின்கருவித் தொழிற்சாலையும் இங்கே வந்தது. 1985இல் பினாங்குப் பாலம் திறந்தபின், எதிர்க்கரையின் தோட்டங்களிலிருந்து கம்பெனி பஸ்களில் பெண்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வந்து இறங்கினார்கள். பாட்டன் பிடித்தது கரும்புக் கத்தி. பேத்தி மூன்று ஷிஃப்டில் மின்பொருள்களைப் பூட்டினாள். இதை வெறும் முன்னேற்றம் என்றும் சொல்ல மாட்டேன், வெறும் சுரண்டல் என்றும் சொல்ல மாட்டேன். தமிழர் உழைப்பின் வரலாற்றில் இது நாம் இன்னும் சரியாக எழுதாத அத்தியாயம்.

மூன்றாவது காலம் பேட்டரியினுடையது. வயரில்லாத டிரில் 1961இலேயே வந்துவிட்டது என்றாலும் அதன் நிக்கல்-காட்மியம் பேட்டரி கனமானது, சீக்கிரம் களைத்துவிடும். 2000களில் லித்தியம்-அயனி பேட்டரி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒன்றில் 90 வாட்-மணிச் சக்தி இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். 18 வோல்ட் யாருடைய இதயத்தையும் சாதாரணமாக நிறுத்தாது. சித்தப்பா ஆயுள் முழுக்க அஞ்சிய எதிரி தோற்றுப்போய்விட்டான்.

ஆனால் வயர் போனதும் கருவி எங்கே வேண்டுமானாலும் போகத் தொடங்கியது. ஏணி மேல், கூரைக்குள், காற்றில்லாத அறைக்குள். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றினால், அதன் தட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் செங்கல்லையும் சிமெண்டையும் டைல்சையும் வெட்டும்போது பறக்கும் தூசியில் படிக சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலேயே நின்றுவிடும். தெரியாத தூசிதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, தழும்பாகிறது. சிலிகோசிஸ் வந்தால் குணப்படுத்த வழியில்லை. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. சமையலறை மேடைக்கு நாம் ஆசையாகப் போடும் செயற்கைக் கல்லில் சிலிக்கா மிக அதிகம். அதை வெட்டிய இளம் தொழிலாளர்கள் நோயில் விழுந்ததால், 2024 ஜூலை முதல் ஆஸ்திரேலியா அந்தக் கல்லையே தடை செய்துவிட்டது.

சித்தப்பா ஒருமுறை சொன்னார்: 'கரண்டு அடிச்சா அந்த நிமிஷமே தெரிஞ்சிடும். அதனால பயப்படுறான். தூசி பத்து வருஷம் கழிச்சி அடிக்கும். அப்ப அவன் எந்த முதலாளிகிட்ட போய்க் கேப்பான்?'

ஜார்ஜ்டவுனில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை இருக்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000த்தோடு முடிவுக்கு வந்தது. பழைய குடியிருப்பாளர்கள் வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறத் தொடங்கின. அந்தச் சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சால் ஆனவை. ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் தன்மை கொண்டவை. உளியால் மெதுவாக எடுக்க வேண்டிய பூச்சை அவசரக்காரர்கள் கிரைண்டரால் பெயர்த்துவிட்டுச் சிமெண்ட் பூசுகிறார்கள். பிறகு ஈரம் உள்ளேயே சிக்கிச் சுவர் உதிர்கிறது. சுவர் சிதைவதைப் பற்றிக் கருத்தரங்கம் நடக்கிறது, நல்ல காரியம்தான். அந்தச் சுவரைப் பெயர்க்கும்போது முகத்தில் ஒரு பழைய டி-சட்டையைக் கட்டிக்கொண்டு நின்றவனைப் பற்றி எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

அவன் இன்று பல இடங்களில் வங்காளதேசத்துக்காரனாகவோ இந்தோனேசியனாகவோ மியன்மார்க்காரனாகவோ இருக்கிறான். குத்தகை எடுத்தவர் சில சமயம் தமிழர். வேலை கொடுக்கும் வீட்டுக்காரரும் தமிழராக இருக்கலாம். நம் பாட்டன்மார் முதுகாக வந்து இறங்கிய ஊரில் இப்போது நாம் கூலி பேசும் இடத்தில் நிற்கிறோம். 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. 1994இல் அது வந்தபோது குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டும்தான் இருந்தது. சட்டம் வாசல்வரை வந்துவிட்டது. உள்ளே கூட்டிக்கொண்டு போவது நம் கையில் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை வீட்டில் ஒரு சுவரை இடிக்கவோ டைல்ஸ் மாற்றவோ ஆள் கூப்பிடும்போது, எத்தனை நாளில் முடியும், எவ்வளவு வெள்ளி ஆகும் என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்தாதீர்கள். ஆர்.சி.டி.யின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இணைப்பு விழாவிட்டால் வேலை தொடங்கும் முன்பே மாற்றுங்கள். தட்டின் மேல் காப்பு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். தூசியை உறிஞ்ச இயந்திரமோ, தண்ணீர்க் குழாய் பொருத்திய வெட்டும் கருவியோ இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரண கிரைண்டரில் பாட்டிலால் தண்ணீர் ஊற்றுவது அதற்கு மாற்று ஆகாது. நுரையீரலைக் காக்கப் போய் இதயத்தை வம்புக்கு இழுத்த கதையாகிவிடும். வேலை செய்பவருக்குத் துணி அல்லாத, சரியான முகக்கவசம் உண்டா என்றும் கேளுங்கள்.

இவற்றுக்கு ஆகும் செலவைக் குத்தகைக்காரர் விலையில் சேர்ப்பார். சேர்க்கட்டும். இதுவரை அந்தச் செலவும் யாரோ கட்டிக்கொண்டு வந்ததுதான்.