பிரம்பும் பள்ளியும்: சென்னை மாகாணத்தில் சிறார் நீதியின் வரலாறு

குற்றம் செய்ததாகப் பிடிபட்ட சிறுவனை அடிப்பதா, அடைத்து வைப்பதா, படிக்க வைப்பதா என்னும் வினாவுக்குச் சென்னை மாகாணத்தின் ஆட்சியாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து வெவ்வேறு விடைகளைச் சட்டங்களாக எழுதி வந்துள்ளனர். அச்சிறுவனுக்கும் உரிமைகள் உண்டு, அவனைக் குறித்து முடிவெடுக்கும்போது அவனுடைய சொல்லுக்கும் செவி கொடுக்க வேண்டும் என்னும் கருத்து அச்சட்டங்களில் இடம்பெறுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. அந்த நீண்ட இடைவெளியில் சட்டத்தின் சொற்கள் பலமுறை மாறின. சொற்கள் மாறிய வேகத்தில் நடைமுறை மாறவில்லை என்பதே இவ்வரலாற்றின் மையமான உண்மையாகும்.

1850ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், பத்து வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட ஆதரவற்ற பிள்ளைகளையும் சிறு குற்றங்களுக்காகத் தண்டனை பெற்ற பிள்ளைகளையும் ஒரு கைவினைஞரிடமோ தொழில் முதலாளியிடமோ ஒப்பந்தம் செய்து ஒப்படைக்க வழிவகுத்தது. தொழில் கற்றுக்கொண்டவன் திருட மாட்டான் என்பது அதன் அடிப்படை நம்பிக்கையாக இருந்தது. பத்தாண்டுகளுக்குப் பின் வந்த இந்திய தண்டனைச் சட்டம், ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் எந்தச் செயலும் குற்றமாகாது என்றும், ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள குழந்தை தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் முதிர்ச்சி பெறாதிருந்தால் அதுவும் குற்றமாகாது என்றும் வரையறுத்தது. பன்னிரண்டு வயதைக் கடந்த சிறுவன் ஏறத்தாழ ஒரு முழு மனிதனைப் போலவே குற்றவியல் நீதிமன்றத்தின் முன் நின்றான்.

அவ்வாறு நின்ற சிறுவனைச் சிறைக்கு அனுப்பினால் முதிர்ந்த குற்றவாளிகளின் சகவாசத்தால் அவன் மேலும் கெடுவான் என்பதை நீதிபதிகள் அறிந்தே இருந்தனர். அதற்கு அவர்கள் கண்ட மலிவான மாற்று பிரம்படியாகும். 1864ஆம் ஆண்டின் கசையடிச் சட்டம், மரண தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக ஏனைய குற்றங்களுக்குச் சிறைத் தண்டனைக்குப் பதிலாகச் சிறுவர்களை அடிக்க அனுமதித்ததோடு, அந்த அடி பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் கொடுக்கும் அடியின் தன்மையில் இலேசான பிரம்பால் கொடுக்கப்பட வேண்டும் என்றும் விதித்தது. குற்றவாளி அடி தாங்கும் உடல்நிலையில் இருக்கிறாரா என்பதை, மருத்துவ அலுவலர் அங்கிருந்தால் அவரும் இல்லையெனில் உடனிருக்கும் நீதிபதியோ அதிகாரியோ உறுதிசெய்த பின்னரே தண்டனை நிறைவேற்றப்பட வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறிற்று. சட்டத்துடன் முரண்பட்ட பிள்ளையின் உடல்நலத்தைக் குறித்து அக்காலச் சட்டம் காட்டிய அக்கறை, அவன் அடி தாங்குவானா என்று பார்ப்பதாகவே இருந்தது. இந்தக் கசையடித் தண்டனை இந்தியா விடுதலை பெற்ற பிறகும் 1955ஆம் ஆண்டு வரை சட்டப் புத்தகத்தில் நீடித்தது.

சிறைக்கும் பிரம்புக்கும் மாற்றாக மூன்றாவது வழி ஒன்றைப் பிரிட்டனில் சமூகச் சீர்திருத்தவாதி மேரி கார்பென்டர் வலியுறுத்தி வந்தார். குற்றம் புரிந்த பிள்ளைகளைச் சிறையிலிருந்து பிரித்து, எழுத்தும் தொழிலும் ஒழுக்கமும் கற்பிக்கும் உறைவிடப் பள்ளிகளில் சில ஆண்டுகள் வைத்துப் பராமரிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அத்தகைய நிறுவனமே சீர்திருத்தப் பள்ளி எனப்பட்டது. 1866ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்த அவர் சென்னை உள்ளிட்ட நகரங்களைக் கண்டு, இங்கும் இத்தகைய பள்ளிகள் தேவை என்று அரசை வற்புறுத்தினார். அதன்பின் 1876இல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் இயற்றப்பட்டது. 1897இல் அது திருத்தி எழுதப்பட்டபோது, பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை, ஆனால் பதினெட்டு வயதைக் கடவாத காலத்துக்கு, அப்பள்ளிகளில் வைக்கலாம் என்று வரையறை செய்யப்பட்டது. சென்னை மாகாணத்தில் இச்சட்டத்தின் கீழ் செங்கல்பட்டில் அமைந்த சீர்திருத்தப் பள்ளியே நெடுங்காலம் இத்துறையின் முதன்மை நிறுவனமாக விளங்கிற்று. தமிழகத்துக் குடும்பங்களில் அடங்காத பிள்ளையை அச்சுறுத்தும் சொல்லாகச் 'சீர்திருத்தப் பள்ளி' வழங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஒரு சிறு திருட்டுக்காகப் பெரியவர் ஒருவர் சில மாதச் சிறையோடு விடுபடுகையில் அதே குற்றத்துக்காகப் பதினொரு வயதுச் சிறுவன் தன் இளமை முழுவதையும் மதிலுக்குள் கழிக்க நேர்ந்ததையும், இச்சட்டம் சிறுவர்களை மட்டுமே கருதியதால் சிறுமியருக்கு அந்தப் பள்ளி வாய்ப்பும் இல்லாமற் போனதையும் மறைத்துவிட்டு இந்நிறுவனங்களைப் புகழ்வது நேர்மையாகாது.

பள்ளி என்னும் பெயரில் நடந்த இதைவிடக் கொடிய பிரிவினை குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ் நிகழ்ந்தது. பிறப்பாலேயே ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளிகள் என்று பதிவு செய்த அச்சட்டம் 1911இல் விரிவாக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதன்படி பதிவு செய்யப்பட்ட சமூகங்களின் ஆறு முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற் பள்ளிகளிலும் சீர்திருத்தக் குடியிருப்புகளிலும் வைக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. இங்கே பிள்ளை எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட தாய் தந்தையருக்குப் பிறந்திருந்தாலே போதுமானது. மதுரை மாவட்டத்தின் பெருங்காமநல்லூரில் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ள மறுத்த பிறமலைக் கள்ளர் மக்கள் மீது காவல்துறை சுட்டதில் 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் நீங்க 1952 ஆயிற்று.

அதே 1920ஆம் ஆண்டில் அதே அரசுதான் இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டத்தையும் இயற்றியது என்பதை வரலாற்றை வாசிப்போர் சேர்த்தே நினைவிற்கொள்ள வேண்டும். சென்னை அரசின் நிர்வாகக் குழுவில் பணியாற்றிய சர் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் அமைந்த இந்தியச் சிறைக் குழு, 1919-20ஆம் ஆண்டுகளில் இந்தியச் சிறைகளோடு பிற நாட்டுச் சிறைகளையும் ஆராய்ந்து, குழந்தைகளைச் சிறைக்கே அனுப்பக் கூடாது என்றும் அவர்களுடைய வழக்குகளைத் தனி நீதிமன்றங்கள் விசாரிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1899இலும் இங்கிலாந்தில் 1908இலும் தோன்றிய சிறார் நீதிமன்ற முறையே இதற்கு முன்மாதிரியாயிற்று. சென்னையைத் தொடர்ந்து வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் தத்தம் குழந்தைகள் சட்டங்களை இயற்றின.

சென்னைச் சட்டம் விசாரணைக் காலத்தில் பிள்ளைகளைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்கவும், தண்டனைக்குப் பதிலாகச் சான்றளிக்கப்பட்ட பள்ளிகளுக்கு அனுப்பவும், எச்சரித்தோ பெற்றோரின் பொறுப்பிலோ விடுவிக்கவும் வழி செய்தது. அதன் பெருமை உண்மையானது. எனினும், பிச்சை எடுத்த பிள்ளை, வீடின்றித் திரிந்த பிள்ளை, குடிகாரத் தந்தையின் பொறுப்பில் இருந்த பிள்ளை ஆகியோரும் குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையோடு ஒரே சட்டத்தின் கீழ் ஒரே வகைப் பள்ளிகளுக்குள் கொண்டுவரப்பட்டனர். வறுமையும் குற்றமும் அருகருகே நிறுத்தப்பட்டதால், தெருவில் உறங்கியதையன்றி வேறொரு தவறும் செய்யாத சிறுவனும் வெளியே வந்தபோது 'பள்ளியிலிருந்து வந்தவன்' என்னும் வடுவைச் சுமந்தான். இக்குழப்பம் சட்ட அளவில் முற்றிலும் தீர்வதற்கு மேலும் எண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

குழந்தைப் பருவத்தைக் கடந்தும் முழு வளர்ச்சி பெறாத இளைஞர்களுக்காக 1925ஆம் ஆண்டின் சென்னை போர்ஸ்டல் பள்ளிகள் சட்டம் வந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள போர்ஸ்டல் என்னும் சிற்றூரின் சிறையில் தொடங்கிய சோதனை முயற்சியே இப்பெயருக்கு மூலமாகும். பதினாறு முதல் இருபத்தொரு வயது வரையிலான இளைஞர்களை இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் வரை பயிற்சியில் வைக்கும் இம்முறை தஞ்சாவூரில் வேரூன்றியது. புதுக்கோட்டையின் போர்ஸ்டல் பள்ளி அதன் தொடர்ச்சியாகும். பயனில் இதைவிடப் பெரிது 1936ஆம் ஆண்டின் சென்னை நன்னடத்தைச் சட்டம். குற்றவாளியை அடைத்து வைக்காமல், நன்னடத்தை அலுவலர் ஒருவரின் கண்காணிப்பிலும் வழிகாட்டுதலிலும் அவருடைய வீட்டிலேயே வாழ அனுமதிப்பது இதன் நோக்கமாகும். இத்தகைய மத்தியச் சட்டம் 1958இல்தான் வந்தது.

இந்தப் பணியை அரசு அலுவலகங்களுக்கு வெளியிலிருந்து தாங்கியவர்களில் பெண்கள் முன்னின்றனர். 1920களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் கௌரவ நீதிபதியாக அமர்ந்த பெண்ணுரிமையாளர் மார்கரெட் கசின்ஸ், நீதிமன்ற மேடையில் பெண்கள் அமர முடியும் என்பதைக் காட்டினார். சென்னைச் சட்டமன்றத்தில் பெண்களுக்காகவும் குழந்தைகளுக்காகவும் வாதாடிய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கி, சட்டம் கைவிட்ட சிறுமியருக்கு மதிலும் தண்டனையும் இல்லாத ஓர் இடத்தை உருவாக்கினார். உடல்நலம், கல்வி, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரிக்க முடியாது என்பதை மருத்துவரான அவர் தம் பணியால் நிறுவினார். 1952இல் சமூக சேவகர் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் தோன்றிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி, இரக்கத்தால் செய்யப்பட்ட இப்பணியைப் பயிற்சி பெற்றவர் செய்யும் தொழிலாக உயர்த்தியது.

சிறார் நீதியின் வரலாற்றில் மருத்துவரின் பங்கு அடியைத் தாங்கும் உடலைச் சோதிப்பதோடு முடியவில்லை. பிறப்புப் பதிவு முழுமையாக இல்லாத ஒரு நாட்டில் ஒரு பிள்ளையின் வயது என்ன என்பதே வழக்கின் போக்கைத் தீர்மானித்தது. பஞ்சத்தையோ பெருவெள்ளத்தையோ அடையாளம் வைத்துத் தாய் சொன்ன வயது நீதிமன்றத்தில் எடுபடவில்லை. எனவே பற்களின் எண்ணிக்கையும் உடல் வளர்ச்சியும், பின்னர் கதிர்ப்படத்தில் தெரியும் மணிக்கட்டு, முழங்கை எலும்புகளின் இணைவும் சான்றுகளாயின. குழந்தைப் பருவத்தில் தனித்தனியே இருக்கும் எலும்பு முனைகள் வளர்ச்சி நிறைவுறும்போது தண்டோடு ஒன்றிவிடுகின்றன. எந்த எலும்பு ஒன்றியுள்ளது, எது ஒன்றவில்லை என்பதைக் கொண்டு வயதைக் கணிப்பதே எலும்பு இணைவுச் சோதனை ஆகும். உணவுக் குறைவால் வளர்ச்சி தாமதித்த பிள்ளைக்கும் நன்கு உண்டு வளர்ந்த பிள்ளைக்கும் இக்கணக்கு ஒன்றாக இராது. இச்சோதனையில் இரு பக்கமும் இரண்டு ஆண்டுகள் வரை பிழை நேரலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982ஆம் ஆண்டின் ஜெயமாலா வழக்கில் ஏற்றுக்கொண்டது. பதினேழு வயதுப் பிள்ளை பத்தொன்பது வயதினனாகக் கணிக்கப்பட்டுப் பெரியவர்களின் சிறைக்குச் செல்வதற்கு இப்பிழையே போதுமானது. அதனால்தான் இன்றைய சட்டம் முதலில் பள்ளிச் சான்றையும், அது இல்லாதபோது உள்ளாட்சியின் பிறப்புச் சான்றையும், இரண்டும் இல்லாதபோது மட்டுமே மருத்துவச் சோதனையையும் ஏற்கிறது. பிறப்பைப் பதிவு செய்யும் ஒரு சிறு தாள், நலவாழ்வுக்கும் நீதிக்கும் ஒருசேர அடித்தளமாவது இவ்வாறுதான்.

விடுதலைக்குப் பின் மாநிலங்கள் தத்தம் குழந்தைகள் சட்டங்களோடு இருந்தன. சில மாநிலங்களில் அதுவும் இல்லை. சிறைகளில் பெரியவர்களோடு அடைக்கப்பட்டிருந்த பிள்ளைகளுக்காக இதழாளர் ஷீலா பார்சே உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று 1986இல் நீதிமன்றம் வலியுறுத்தியது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட சிறார் நீதிச் சட்டம் சிறுவனுக்குப் பதினாறு, சிறுமிக்குப் பதினெட்டு என்று வயது வரம்பை வைத்தது. குழந்தை உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 1989இல் நிறைவேறி, இந்தியா 1992இல் அதனை ஏற்ற பின்னர், 2000ஆம் ஆண்டின் சட்டம் இருபாலருக்கும் பதினெட்டு என்று வரம்பை ஒன்றாக்கியது. பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளைகளைக் குழந்தைகள் நலக் குழுவிடமும், சட்டத்துடன் முரண்பட்ட பிள்ளைகளை ஒரு நீதிபதியும் இரு சமூகப் பணியாளர்களும் கொண்ட, அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டிய இளைஞர் நீதிக் குழுமத்திடமும் ஒப்படைத்தது. 1920இன் பழைய குழப்பம் இங்கேதான் சட்ட அளவில் தீர்ந்தது.

2012ஆம் ஆண்டு டிசம்பரில் டெல்லியில் ஓர் இளம்பெண் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி உயிரிழந்த கொடுமைக்குப் பின், குற்றம் சாட்டப்பட்டோரில் ஒருவர் பதினெட்டு வயதை எட்டாதவர் என்பதால் எழுந்த சினம் இந்த முன்னேற்றத்தின் ஒரு பகுதியைப் பின்னுக்கு இழுத்தது. பதினெட்டு வயது வரம்பு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உறுதி செய்திருந்தும், 2015ஆம் ஆண்டின் சட்டம் கொடிய குற்றம் சாட்டப்பட்ட பதினாறு வயது கடந்தோரை முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பின் பெரியவர்களைப் போல விசாரிக்க இடமளித்தது. ஒரு வழக்கின் கொதிப்பில் எல்லாப் பிள்ளைகளுக்குமான விதியை மாற்றியது தவறான முடிவாகும். பாதிக்கப்பட்டோர் பெற வேண்டிய நீதி, புலன் விசாரணையையும் சாட்சிப் பாதுகாப்பையும் வலுப்படுத்துவதால் கிடைக்கக் கூடியது. ஒரு பதினாறு வயதினனைப் பெரியவர்களின் நீதிமன்றத்தில் நிறுத்துவதால் அது விரைந்து வந்துவிடாது.

இன்றைய சட்டத்தின்படி பிடிபட்ட பிள்ளையைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அவனுடைய வீடு, பள்ளி, உடல்நலம், குடும்பத்தின் பிழைப்பு ஆகியவற்றை நேரில் அறிந்து நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரங்களுக்குள் சமூகப் பின்னணி அறிக்கை அளிக்க வேண்டும். அந்த அறிக்கை ஒழுங்காக எழுதப்பட்டால்தான் குழுமம் பிள்ளையை அறிந்து தீர்ப்பளிக்க முடியும். ஒரே அலுவலரின் தலையில் அளவுக்கு மீறிய வழக்குகள் குவிந்தால் அவர் வீட்டுக்குச் செல்லாமலேயே படிவத்தை நிரப்ப நேரிடும். சென்னையின் கெல்லீஸ் உள்ளிட்ட இடங்களின் கூர்நோக்கு இல்லங்களுக்கு, அதாவது விசாரணை முடியும் வரை பிள்ளைகளைத் தங்கவைக்கும் இல்லங்களுக்கு, மதிலும் காவலரும் கிடைத்த அளவுக்கு மனநல ஆலோசகரும் பயிற்சி பெற்ற அலுவலரும் கிடைக்க வேண்டும். 1936இல் சென்னை மாகாணம் நன்னடத்தை அலுவலர் பணியைச் சட்டமாக்கி முன்வழி காட்டியது. தமிழ்நாடு அரசு அப்பணியிடங்களை ஒன்றுவிடாமல் நிரப்பி, ஒவ்வோர் அலுவலருக்கும் கையாளக்கூடிய எண்ணிக்கையில் மட்டுமே வழக்குகளை ஒதுக்க வேண்டும்.