நேரலைக் கணினி வரைகலையில் மிடி தாமதம்

மிடி கட்டுப்பாட்டுக் கருவியின் குமிழையோ விசையையோ கலைஞர் இயக்கும் கணத்துக்கும், அதன் விளைவு திரையில் தோன்றும் கணத்துக்கும் இடையே கழியும் நேரம் மிடி தாமதம் எனப்படுகிறது. இசை நிகழ்ச்சிகளிலும் நடன அரங்குகளிலும் கணினி வரைகலையை மேடையிலேயே இயக்கிக் காட்டுவோர் நாற்பது ஆண்டுகளாக எதிர்கொண்டுவரும் சிக்கல் இது. கை அசைந்த உடனே படம் அசைந்தால்தான் கலைஞர் படத்தை ஓர் இசைக்கருவியைப் போல வாசிக்க முடியும். சற்றுப் பிந்தினால் அவர் கை தானாகவே மெதுவாகிவிடும். பெரிதும் பிந்தினால் அவர் வாசிப்பதை விட்டுவிட்டு வெறும் பொத்தான் அழுத்துபவராகிவிடுவார்.

இத்தாமதத்துக்கு நெடுங்காலம் மிடி கம்பியின் மீதே பழி சொல்லப்பட்டது. ஆனால் எளிய கணக்கு ஒன்றே கம்பியின் பங்கு எவ்வளவு சிறியது என்பதைக் காட்டிவிடும்.

மிடிக்கு முன்

கையால் குமிழைத் திருப்பிப் படத்தை இயக்கும் வழக்கம் மிடியைவிடப் பழையது. 1970களின் தொடக்கத்தில் சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேன் சாண்டின், 'இமேஜ் புராசசர்' என்னும் ஒப்புமை முறைக் கருவியை உருவாக்கினார். அதே பல்கலைக்கழகத்தில் டாம் டிஃபான்டியின் 'கிராஸ்' வரைகலை மொழி இயங்கிய கணினி கோட்டுருவங்களை வரைய, அவற்றை ஒளிப்படக் கருவி எடுத்துச் சாண்டினின் கருவிக்கு அனுப்பும். அங்கே குமிழ்களைத் திருப்பி வண்ணம் சேர்ப்பார்கள். பார்வையாளர் முன்னிலையில் இவ்வாறு நிகழ்ச்சிகள் நடந்தன. படத்தைச் சேமித்து வைத்து வரிசையாக வெளியிடும் நினைவகம் ஏதும் அக்கருவியின் வழியில் இல்லை. மின்னழுத்தம் மாறினால் படமும் உடனே மாறும். ஆகவே, தாமதம் என்ற பேச்சே அங்கு எழவில்லை. பின்னாளில் எண்ணிமுறைக் கருவிகள் எவ்வளவோ வசதிகளைத் தந்தபோதும், இந்த ஒன்றை மட்டும் இழக்கவேண்டியிருந்தது.

கம்பியின் வேகம்

மிடி என்பது இசைக்கருவிகளுக்கான எண்ணிமுறை இடைமுகம். வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பொது மொழி தேவை என்ற முயற்சியை ரோலண்ட் நிறுவனர் இக்குதாரோ காகேஹாஷி 1981இல் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு டேவ் ஸ்மித்தும் செட் வுட்டும் இதற்கான திட்டத்தை ஒலிப்பொறியியல் கழகத்தின் மாநாட்டில் முன்வைத்தனர். 1983 சனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் கண்காட்சியில் சீக்வென்ஷியல் நிறுவனத்தின் புரொபெட்-600, ரோலண்டின் ஜூப்பிட்டர்-6 ஆகிய இரண்டும் இணைக்கப்பட்டு இயக்கிக் காட்டப்பட்டன.

இம்முறையில் தரவு நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் செல்கிறது. அக்காலச் சில்லுகளுக்கு எளிதாகக் கிடைத்த 10 இலட்சம் துடிப்பை 32ஆல் வகுத்தால் வரும் எண் இது. ஒரு பைட்டை அனுப்பத் தொடக்கப் பிட்டும் முடிவுப் பிட்டும் சேர்த்து 10 பிட் தேவை. அதற்கு 320 மைக்ரோநொடி ஆகும். குமிழ் ஒன்றின் நிலையைச் சொல்லும் செய்தி மூன்று பைட் கொண்டது. எனவே அதற்கு 960 மைக்ரோநொடி, அதாவது ஏறத்தாழ 1 மில்லிநொடி ஆகும். ஒரே வகைச் செய்திகள் தொடர்ந்து வந்தால் முதல் பைட்டை மீண்டும் அனுப்பாமல் விட்டுவிடவும் விதி இடமளிக்கிறது. அப்போது 640 மைக்ரோநொடி போதும்.

இசைக்கலைஞர்களுக்கு இது சிறு குறையாகத் தோன்றவில்லை. பத்துச் சுரங்களை ஒருசேர அழுத்தினால் கடைசிச் சுரம் முதல் சுரத்துக்குக் கிட்டத்தட்ட 9 மில்லிநொடி பின்னால் போய்ச் சேரும். எஃப். ரிச்சர்ட் மூர் 1988இல் 'கம்ப்யூட்டர் மியூசிக் ஜர்னல்' இதழில் மிடியின் குறைபாடுகளை விரிவாக ஆராய்ந்து எழுதினார். 'மிடி என்றாலே தாமதம்' என்ற எண்ணம் அக்காலத்தில்தான் வேரூன்றியது எனலாம். அதே எண்ணம் படம் காட்டுவோரிடமும் அப்படியே வந்து சேர்ந்தது. ஆனால் நொடிக்கு 60 படம் காட்டும் திரையில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லிநொடி நிற்கிறது. அதன் முன் 1 மில்லிநொடி ஒரு பொருட்டல்ல.

இசையிலிருந்து படத்துக்கு

1985இல் வெளிவந்த அட்டாரி எஸ்.டி. கணினியில் மிடி இணைப்புகள் உள்ளமைந்தே வந்தன. பாரிசில் இர்காம் நிறுவனத்தில் மில்லர் பக்கெட் உருவாக்கிய 'மேக்ஸ்' மென்பொருள் 1990இல் விற்பனைக்கு வந்தது. பெட்டிகளைக் கோடுகளால் இணைத்து மிடி செய்திகளை எதற்கு வேண்டுமானாலும் திருப்பிவிட அது வழிசெய்தது. ஐசுலாந்தில் பிறந்த ஸ்டைனா வசுல்கா, மிடி வசதி கொண்ட வயலினை வாசித்து லேசர்தட்டு இயக்கியில் உள்ள காட்சிகளை முன்னும் பின்னும் ஓட்டிக்காட்டினார். இங்கே தாமதம் கம்பியில் இல்லை. லேசர் தலை தட்டின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு உண்மையாகவே நகர்ந்து செல்லவேண்டும். 1990களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் மையத்தில் டாம் டெமெயர் எழுதிய 'இமேஜைன்' போன்ற மென்பொருள்கள் வந்தபின், காட்சிகள் கணினியின் நினைவகத்துக்குள்ளேயே இடம்பெயர்ந்தன.

வரிசையில் நின்ற செய்திகள்

கணினிக்குள் நுழைந்த பின்னர்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது. இசை மென்பொருளுக்கு ஒவ்வொரு செய்தியும் முக்கியம். ஒன்றையும் விட்டுவிடாமல், வந்த வரிசையில், வந்த இடைவெளியில் ஒலிக்கவேண்டும். அதற்காகவே செய்திகளை வரிசையில் நிறுத்தி, நேரக்குறி இட்டு, சீராக வெளியிடும் முறைகள் வளர்ந்தன. சிறிது தாமதமானாலும் பரவாயில்லை, இடைவெளி மாறக்கூடாது என்பது இசையின் நியாயம். படத்தின் நியாயம் வேறு. அடுத்த படத்தை வரையும் கணத்தில் குமிழ் எங்கே இருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தேவை. வழியில் குமிழ் எங்கெங்கே இருந்தது என்பது அதற்குப் பழங்கதை.

இந்த வேறுபாட்டை உணராமல் எழுதப்பட்ட நிரல்கள் பல. ஒரு படத்துக்கு ஒரு செய்தி வீதம் படிக்கும் நிரலை எடுத்துக்கொள்வோம். விரைவாகத் திருப்பப்படும் குமிழ் நொடிக்கு 200 செய்தி அனுப்புவதாகவும், நிரல் நொடிக்கு 60 படம் வரைவதாகவும் கொண்டால், ஒரு நொடி முடிவில் 140 செய்திகள் வரிசையில் தேங்கி நிற்கும். கலைஞர் கையை எடுத்துவிட்ட பிறகும் அவற்றைப் படித்துமுடிக்க 2.3 நொடி ஆகும். அதுவரை படம் தானாக அசைந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர் 'மிடி மெதுவானது' என்பார். உண்மையில் கம்பி தன் வேலையை எப்போதோ முடித்துவிட்டது.

தீர்வு எளியது. ஒவ்வொரு படத்தையும் வரையத் தொடங்கும் முன் வரிசையில் உள்ள எல்லாச் செய்திகளையும் படித்துவிட்டு, ஒவ்வொரு குமிழுக்கும் கடைசி மதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளவேண்டும். ஆனால் இதையே விசைகளுக்கும் பொருத்தினால் வேறு பிழை வரும். கலைஞர் விசையைத் தட்டியெடுத்த வேகத்தில் அழுத்தியதும் விட்டதும் ஒரே படத்தின் இடைவெளிக்குள் வந்துவிட்டால், கடைசிச் செய்தி 'விட்டது' என்றே இருக்கும். திரையில் மின்னவேண்டிய ஒளி மின்னவே மின்னாது. எனவே குமிழுக்குக் கடைசி மதிப்பு, விசைக்கு ஒவ்வோர் அழுத்தமும் என்று பிரித்து நடத்துவதே சரி.

அக்கால விண்டோஸ் கணினிகளில் இன்னொரு தடையும் இருந்தது. இயங்குதளத்தின் கடிகாரம் வழக்கமாக 15.6 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் துடிக்கும். 'சற்று உறங்கி எழுந்து பார்' என்ற முறையில் எழுதப்பட்ட நிரல், செய்தி வந்து ஒரு படத்தின் நேரம் கழிந்தபின்பே கண்விழிக்கும்.

128 படிகளும் மென்மையாக்கலும்

மிடி குமிழ் 0 முதல் 127 வரை 128 மதிப்புகளை மட்டுமே தரும். 1,920 புள்ளி அகலமுள்ள திரையில் ஓர் உருவத்தை இடமிருந்து வலமாக நகர்த்தினால், ஒவ்வொரு படிக்கும் அது 15 புள்ளி தாவும். பெரிய திரையில் இது அப்பட்டமாகத் தெரியும். இதை மறைக்கக் கலைஞர்கள் மதிப்பை மென்மையாக்கினர்: புதிய மதிப்புக்கு உடனே போகாமல், ஒவ்வொரு படத்திலும் எஞ்சிய தூரத்தின் ஒரு பங்கை மட்டும் கடப்பது. பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், பாதித் தூரத்தைக் கடக்கவே 7 படம், அதாவது 115 மில்லிநொடிக்கு மேல் ஆகும். அழகுக்காகக் கலைஞரே விரும்பிச் சேர்த்த தாமதம் இது. பலர் இதைச் சேர்த்ததை மறந்துவிட்டுக் கருவியை மாற்றிப் பார்ப்பது வழக்கம். இரண்டு செய்திகளைச் சேர்த்து 16,384 படிகளாக அனுப்பும் வழி மிடி விதியிலேயே உண்டு; ஆனால் மலிவான கருவிகள் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துவதில்லை.

திரையின் பங்கு

கணினி ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை வரைகிறது. வரைகலை இயக்கி மென்பொருள்கள் இதற்கும் மேலே சென்று, சில படங்களை முன்கூட்டியே வரிசையில் வைக்கும். மைக்ரோசாப்டின் டைரக்ட்-3டி முறையில் இவ்வரிசையின் இயல்பு அளவு 3. அவ்வரிசை நிரம்பினால், 60 படம் காட்டும் திரையில் 50 மில்லிநொடி அங்கேயே போய்விடும். படம் தடையின்றி ஓடுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. கை அசைவைப் பின்தொடரும் படத்துக்கு அதுவே பகை. வரிசையை 1 ஆகக் குறைப்பதும், குமிழின் மதிப்பைப் படம் வரையும் கடைசித் தறுவாயில் படிப்பதும் மேடையில் பெரும் வேறுபாட்டைத் தந்தன. 2013 அளவில் தலையில் அணியும் மெய்நிகர் திரைகளுக்காக நடந்த ஆய்வுகள் இவ்விரண்டு உத்திகளையும் பரவலாக்கின.

பழைய குழாய்த் திரைகள் வந்த குறிப்பலையை வந்தபடியே ஒளியாக்கின. தட்டைத்திரைகளும் புரொஜெக்டர்களும் படத்தை உள்வாங்கி, அளவு மாற்றி, சாய்வு திருத்தி வெளியிடுகின்றன. இவை ஒவ்வொன்றும் ஒரு படத்தின் நேரத்தையோ அதற்கு மேலோ விழுங்கக்கூடும். புரொஜெக்டரைக் கோணலாக வைத்துவிட்டுச் சாய்வுத் திருத்தத்தை நம்புவதைவிட, நேராகத் தூக்கி மாட்டுவது தாமதத்தைக் குறைக்கும்.

எவ்வளவு பொறுக்கலாம்

கையசைவுக்கு ஒலி எழ 10 மில்லிநொடிக்கு மேல் ஆகக்கூடாது என்று டேவிட் வெசலும் மேத்யூ ரைட்டும் 2002இல் எழுதினர். படத்துக்கு இவ்வளவு கறார் தேவையில்லை. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, படத்தைவிட ஒலி 45 மில்லிநொடி முந்தினால் மக்கள் கண்டுகொள்கிறார்கள். ஒலி பிந்தினாலோ 125 மில்லிநொடி வரை கண்டுகொள்வதில்லை. மின்னலுக்குப் பின்னால் இடி வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் அல்லவா! மேடையில் பிந்துவது படம்தான் என்பதால், கிடைக்கும் சலுகை அந்தச் சிறிய 45 மட்டுமே. அரங்கின் பின்வரிசையில் இருப்போர் தப்பித்துக்கொள்கிறார்கள்: ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிநொடி ஆவதால், 30 மீட்டர் தொலைவில் அமர்ந்தவருக்கு ஒலியும் 87 மில்லிநொடி பிந்தியே வரும். ஒலிபெருக்கியின் அருகில் நிற்கும் கலைஞருக்கே படத்தின் பிந்தல் உறுத்தும்.

தாளத்தோடு ஒட்டி மின்னும் காட்சிகளுக்கு மட்டும் தப்பிக்கும் வழி உண்டு. மிடி கடிகாரம் ஒரு கால்சுரத்துக்கு 24 துடிப்பு அனுப்புகிறது. அடுத்த தட்டு எப்போது விழும் என்பதை அதிலிருந்து முன்கூட்டியே கணக்கிட்டு, அளந்த தாமதத்தின் அளவுக்கு முன்னதாகவே வரையலாம். கலைஞரின் கை அடுத்து என்ன செய்யும் என்பதை அப்படிக் கணிக்க முடியாது.

பிற்கால மாற்றங்கள்

1999இல் மிடி செய்திகளை யு.எஸ்.பி. வழியே அனுப்பும் விதி வந்தது. ஐந்து முனைக் கம்பியின் வேகத்தடை பெரும்பாலும் நீங்கியது. கம்பியில்லா புளூடூத் மிடி வந்தபோது தாமதம் மீண்டும் கூடியது. அப்போது அதில் இரு கருவிகளும் சந்திக்கும் மிகக் குறைந்த இடைவெளியே 7.5 மில்லிநொடியாக இருந்தது. 2020இல் வெளியான மிடி 2.0, குமிழ் மதிப்பை 32 பிட்டாக உயர்த்தியது. 15 புள்ளித் தாவல் மறைந்ததால் மென்மையாக்கலைப் பெரிதும் கைவிடலாம். படம் காட்டுவோருக்கு அதன் பெரும்பயன் இதுவே. அதிலுள்ள நேரக்குறிகள் இடைவெளியைச் சீராக்குபவை. அவை இசைக்கு உதவும்.

தாமதத்தை அளக்க இன்று விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் கையும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி பதிவுசெய்து, கை அசைந்த படத்திலிருந்து திரை அசைந்த படம் வரை எண்ணினால் போதும். ஒவ்வொரு படமும் 4.17 மில்லிநொடி, 20 படம் எண்ணினால் 83 மில்லிநொடி. பிறகு மென்மையாக்கல், வரைகலை வரிசை, சாய்வுத் திருத்தம் என ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு மீண்டும் எண்ண, எது எவ்வளவு விழுங்கியது என்பது தெரிந்துவிடும். கம்பியை மாற்றும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.